கம்யூனிகேட்டர் மூடியைத் திறந்தா சத்தம் விட்டு விட்டு வருது, உதவி வேணும்

குருவி_கோவை:

வணக்கங்க எல்லாருக்கும். ரெண்டு வாரமா ஒரு பிரச்னையோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், இந்த மாதிரி வேலை பண்ணவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் பாத்து சொல்லுங்க.

பழைய ஸ்டார் ட்ரெக் சீரியல், 1966ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, அதுல கேப்டன் இடுப்புல இருந்து எடுத்துப் பேசுவாரே மடக்கு கம்யூனிகேட்டர், கருப்பு டப்பா, மேல பித்தளை நிறத்துல ஓட்டை ஓட்டையா ஒரு மூடி, மணிக்கட்டை ஒரு உதறு உதறினா மூடி திறந்துக்கிட்டு குருவி கத்துற மாதிரி ஒரு சத்தம் வரும், அதோட ரெப்ளிக்கா ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுதுங்க. எங்க சித்தப்பா எண்பதுகள்ல தூர்தர்ஷன்ல ஞாயித்துக்கிழமை காலைல அது ஓடினப்போ ஒரு வாரம்கூட விடாம பாத்தவரு, இப்பவும் கண்ணாடிக் கூட்டை அந்த மாதிரி ஆட்டித் திறந்து வாயாலயே சத்தம் போட்டுக் காட்டுவாரு. அவருக்கு அடுத்த மாசம் அறுபதாம் கல்யாணம், அதுக்கு இதைக் கொடுக்கணும்னு ஆசை.

வெளிய பாக்க நல்லாருந்துச்சு, உள்ள ஒண்ணுமே இல்லீங்க. மூணு பட்டன் செல், கருப்பு சொட்டு வெச்ச ஒரு குட்டி போர்டு, கரகரன்னு ஒரு சத்தம், திறந்தா நடுவுல ஒரு டிசைன் வட்டம் சுத்தணும்ல, அது வெறும் ஸ்டிக்கர். எல்லாத்தையும் எடுத்துட்டு ஆர்டுயினோ ப்ரோ மினி 3.3 வோல்ட்டு (ப்ரோக்ராம் போட்டு ஓட்டற குட்டி கம்ப்யூட்டர் போர்டு) ஒண்ணு, டிஎஃப்பிளேயர் மினி (மெமரி கார்டுல இருந்து சத்தம் ஓட்டற போர்டு), 20 எம்எம் ஸ்பீக்கர், 400 எம்ஏஹெச் லித்தியம் பாலிமர் பேட்டரி, டிபி4056 சார்ஜிங் போர்டு, வட்டத்தைச் சுத்த 100 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 100 சுத்து) என்20 கியர் மோட்டார், கீல் பக்கத்துல ஒரு ரீட் சுவிட்ச் (மேக்னட் கிட்ட வந்தா ஒட்டிக்கற சின்ன கண்ணாடிக் குழாய் சுவிட்ச்), மூடியில ஒரு மேக்னட், இவ்ளோதான் உள்ள இருக்கு. மூடி மூடியிருந்தா மேக்னட் இழுத்து ரீட் சுவிட்ச் ஒட்டிக்கும், திறந்தா விட்டுரும், உடனே சத்தம் வரணும், மோட்டார் சுத்தணும்.

பிரச்னை மூணுங்க. யுஎஸ்பி சார்ஜர் குத்தியிருந்தா அருமையா ஓடுது, அதைப் புடுங்கிட்டுப் பேட்டரில ஓட்டினா சத்தம் ஆரம்பிச்சு பாதியில நின்னுருது, ரெண்டு செகண்ட் கழிச்சு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்குது, மறுபடி நிக்குது. அடுத்தது, பத்து தடவை திறந்தா ரெண்டு மூணு தடவை ஒண்ணுமே நடக்கறதில்ல, பின்பக்க டப்பாவை லேசா அமுக்கினா வந்துருது. மூணாவது, ராத்திரி ஃபுல் சார்ஜ் பண்ணி மூடி வெச்சா அடுத்த நாள் சாயங்காலம் செத்துக் கெடக்கு.

மெமரி கார்டு மாத்திட்டேன், எல்லா ஜாயிண்ட்டையும் ரெண்டு தடவை மறுபடி சால்டர் பண்ணிட்டேன், மோட்டாரும் வேற போட்டுப் பாத்தாச்சு. டிஎஃப்பிளேயர்தான் டூப்ளிகேட்டா இருக்குமோ?


டிவிபெட்டி_1988:

தம்பி, அந்த சீரியல் நான் பாத்ததில்ல, டிவி ரேடியோ ரிப்பேர்ல முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவன். டிஎஃப்பிளேயரைக் குத்தம் சொல்லாதீங்க. நீங்க எழுதினதுலயே பதில் இருக்கு, சார்ஜர் குத்தினா ஓடுது, பேட்டரில ஓடலை. அப்போ வோல்டேஜ் உக்காருது.

மோட்டார் நின்ன இடத்துல இருந்து கெளம்பும்போது ஓடும்போது இழுக்கறதைப் போல பல மடங்கு கரண்ட் இழுக்கும். நீங்க மூடி திறந்த அதே நொடியில மோட்டாரையும் ஸ்பீக்கரையும் ஒண்ணா எழுப்பறீங்க. சின்னப் பேட்டரி, மெல்லிசு ஒயர், வோல்டேஜ் ஒரு கணம் குழிக்குள்ள விழுந்து எந்திரிக்கும், அந்த ஒரு கணம் போதும் ஆர்டுயினோ ரீசெட் ஆக. ரீசெட் ஆனதும் அது மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சு மறுபடி மோட்டாரை எழுப்பும். அதான் உங்களுக்கு ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா வர்ற சத்தம். சார்ஜர் இருக்கும்போது அது பக்கத்துலயே நின்னு முட்டுக் கொடுக்குது, குழி விழறதில்ல.

எதையும் மாத்தாதீங்க, முதல்ல மோட்டார் ஒயர் ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் பேட்டரில வெச்சுத் திறந்து பாருங்க. அது தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. அப்புறம் மோட்டாரை எதை வெச்சு ஓட்டறீங்க, டிரான்சிஸ்டர் இருக்கா, டயோடு போட்டிருக்கீங்களா, கிரவுண்டு ஒயர் எப்படிப் போகுதுன்னு எழுதுங்க.


குருவி_கோவை:

அண்ணா ரொம்ப நன்றிங்க, இப்பத்தான் பண்ணிப் பாத்தேன். மோட்டார் ஒயரை எடுத்தா பேட்டரிலயே இருபது தடவை திறந்தும் ஒரு தடவைகூட விட்டு விட்டு வரலீங்க!! சத்தம் முழுசா வருது.

மோட்டாருக்கு ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் இருக்கு, டயோடு போடலை. கிரவுண்டு வந்து மோட்டார்ல இருந்து டிஎஃப்பிளேயர் கிரவுண்டுக்குப் போயி அங்கிருந்து ஆர்டுயினோ போயி அப்புறம் பேட்டரிக்கு வருது, இடம் இல்லாததால ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு இழுத்துட்டேன்.

ஆனா அந்த ரெண்டாவது பிரச்னை அப்படியேதான் இருக்குங்ணா, சில தடவை திறந்தா ஒண்ணுமே நடக்கலை, அமுக்கினா வருது.


டிவிபெட்டி_1988:

அந்த கிரவுண்டு ஒயரிங்தான் பாதி வில்லங்கம். மோட்டார் கரண்ட் முழுக்க மத்த ரெண்டு போர்டு வழியா நடந்து போகுது, போற வழியெல்லாம் அதுங்க கிரவுண்டைத் தூக்கி விடுது. மோட்டார் டிரான்சிஸ்டரோட எமிட்டர்ல இருந்து தனியா ஒரு ஒயர், நேரா பேட்டரி மைனஸ், நடுவுல எங்கயும் தொடக்கூடாது. பிளஸ்ஸும் அதே மாதிரி தனி.

மோட்டார் ரெண்டு காலுக்கும் நடுவுல 104ன்னு போட்ட செராமிக் கப்பாசிட்டர் ஒண்ணு, மோட்டார் காலுலயே வெச்சு சால்டர் பண்ணணும், தூரமா வெச்சா பிரயோஜனம் இல்ல. அதோட ஒரு டயோடு, 4148 போதும் இந்த மோட்டாருக்கு, கருப்புக் கோடு இருக்கற பக்கம் பிளஸ்ஸுக்கு, மாத்திப் போட்டுட்டா நேரா ஷார்ட்டு. ஆர்டுயினோ சப்ளையில 470 மைக்ரோஃபாரட் ஒண்ணு, படுக்க வெச்சா டப்பாக்குள்ள அடங்கிரும்.

ப்ரோக்ராம்லயும் மோட்டாரைப் பொறுமையா எழுப்பச் சொல்லுங்க. சத்தம் முழுசா முடியட்டும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வேகம் ஏத்துங்க, அரை செகண்டுல ஏத்தினாக்கூடப் போதும், குழி விழாது.


ஈயக்கம்பி:

டிவிபெட்டி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, நான் ரெண்டாவது பிரச்னைக்கு வர்றேன். தம்பி, உங்க ஸ்பீக்கர் ரீட் சுவிட்சுக்கு எவ்ளோ தூரத்துல இருக்கு? ஸ்பீக்கருக்குப் பின்னாடியும் மேக்னட் இருக்குல்ல. மூடி திறந்து மூடியோட மேக்னட் தள்ளிப் போனாலும் ஸ்பீக்கர் மேக்னட் ரீட் சுவிட்சை விடாம புடிச்சு வெச்சிருந்தா ஆர்டுயினோவுக்கு மூடி இன்னும் மூடித்தான் இருக்கு. பின்பக்கத்தை அமுக்கும்போது ஸ்பீக்கர் ஒரு மில்லிமீட்டர் நகருதுன்னு நெனக்கறேன், அப்ப விட்டுருது. மோட்டாருக்குள்ளயும் மேக்னட் இருக்கு, அதையும் மறக்காதீங்க.

நான் ஒரு தடவை ஒரு ரேகன் (கதிர் துப்பாக்கி) மாடல்ல இதே தப்பைப் பண்ணி மூணு நாள் ப்ரோக்ராமைத் திருத்திக்கிட்டு உக்காந்திருந்தேன், அதனாலதான் ஸ்பீக்கர்னு பாத்ததும் மனசு அங்க போச்சு. சோதிக்கறது ரொம்ப சுலபம், ஸ்பீக்கருக்கு நீள ஒயர் போட்டு டப்பாக்கு வெளிய மேசைல வெச்சிட்டு முப்பது தடவை திறந்து மூடுங்க. ஒரு தடவைகூட தப்பலைன்னா அதுதான்.

இன்னொரு விஷயம், ரீட் சுவிட்ச் காலை மடக்கும்போது கண்ணாடிக்கு ஒட்டி மடக்கினீங்களா? கண்ணாடிக்கும் மடக்கற இடத்துக்கும் நடுவுல மூக்குப் பிளேயரால காலைப் புடிச்சுக்கிட்டு, அதுக்கு அந்தப் பக்கம்தான் மடக்கணும். இல்லைன்னா கால் உள்ள போற இடத்துல முடி மாதிரி ஒரு கீறல் விழும், வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் தெரியும், ஒரு வாரம் ஒழுங்கா வேலை செய்யும், அப்புறம் இஷ்டத்துக்கு.

இதெல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு. சார்ஜிங் போர்டை அப்படியே வாங்கி அப்படியே வெச்சிருக்கீங்களா? டிபி4056 போர்டு பெரும்பாலும் 1.2 கே ரெசிஸ்டரோட வரும், அது 1 ஆம்ப்ல சார்ஜ் பண்ணும். உங்க பேட்டரி 400 எம்ஏஹெச்தான், அதுக்கு 1 ஆம்ப் ரொம்ப ரொம்ப அதிகம், சூடாகும், நாளாக ஆக உப்பும். மூடின டப்பாக்குள்ள, வயசானவர் கைல இருக்கப்போற சாமான் தம்பி இது. அந்த ரெசிஸ்டரை எடுத்துட்டு 5 கே போடுங்க, 250 மில்லி ஆம்ப்ல வந்துரும், ரெண்டு மணி நேரம் ஆகட்டுமே. பேட்டரியை இப்பவே வெளிய எடுத்து ஒரு சமதளத்துல வெச்சுப் பாருங்க, நடுவுல லேசா மேடு தட்டினாக்கூட அதைத் திரும்ப உள்ள வெக்காதீங்க.


குருவி_கோவை:

அக்கா, கை நடுங்குது. பேட்டரியை எடுத்து ஸ்கேல் வெச்சுப் பாத்தேன், நடுவுல ஆடுது, உப்பிருச்சு. லேசாத்தான், ஆனா உப்பியிருக்கு. தனியா எடுத்து வீட்டுக்கு வெளிய ஒரு மண் சட்டில வெச்சுட்டேன். புதுசு ஆர்டர் போட்டாச்சு, 5 கேயும் வாங்கியாச்சு. நீங்க சொல்லலைன்னா நான் அதை அப்படியே வெச்சு மூடி கிஃப்ட் பேப்பர் சுத்தியிருப்பேன்.

ஸ்பீக்கரும் நீங்க சொன்னதுதான். வெளிய வெச்சு முப்பது தடவை திறந்தேன், முப்பதும் பாஸ்!! ரீட் சுவிட்சுல இருந்து ஒண்ணரை சென்டிமீட்டர் கூட இல்ல. ரீட் சுவிட்சை கீலோட இடது மூலைக்கு மாத்தப்போறேன், அங்க வெச்சா ஸ்பீக்கரும் மோட்டாரும் எட்டாது.

இப்ப மூணாவது, சார்ஜ் இறங்கறது. அதுக்கு யாராச்சும்.


டப்பா_மன்னன்:

ப்ரோ அது சிம்பிள். டிஎஃப்பிளேயர் சும்மா இருந்தாலே 20 மில்லி ஆம்ப் கிட்ட இழுக்கும், ப்ரோ மினில எரியற பவர் எல்இடி, ரெகுலேட்டர் எல்லாம் சேத்து ஒரு 25ன்னு வெச்சுக்கோங்க, 400ஐ 25ஆல வகுத்தா 16 மணி நேரம், கரெக்டா மறுநாள் சாயங்காலம். மூடினா மொத்தமா கட் பண்ணுங்க. ஏஓ3401 பி-சேனல் மாஸ்ஃபெட் ஒண்ணு (கரண்ட்டைக் கட் பண்ற எலக்ட்ரானிக் சுவிட்ச், சோர்ஸ் டிரெயின் கேட்னு மூணு காலு), சோர்ஸ் பேட்டரி பிளஸ், டிரெயின் மத்த எல்லாத்துக்கும், கேட்ல இருந்து கிரவுண்டுக்கு 1 மெகா ஓம், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவுல உங்க ரீட் சுவிட்ச். மூடி மூடினா ரீட் ஒட்டி மாஸ்ஃபெட் ஆஃப், திறந்தா ஆன். மூடியிருக்கும்போது அந்த 1 மெகா ஓம் வழியா போற 4 மைக்ரோ ஆம்ப்தான் செலவு. ப்ரோக்ராமே தேவையில்ல.


சுழலும்வட்டம்:

டப்பா_மன்னன் சொல்ற சர்க்யூட்ல தப்பே இல்ல, அழகான சர்க்யூட். ஆனா இந்த சாமானுக்கு அதை மட்டும் வெச்சுப் பண்ணக்கூடாதுன்னு கையைப் புடிச்சுத் தடுப்பேன். டிஎஃப்பிளேயருக்கு கரண்ட் கொடுத்தா அது கார்டைப் படிச்சுத் தயாராக ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆகும், கார்டுல ஃபைல் அதிகமா இருந்தா இன்னும் ஆகும். மூடி திறக்கும், ஒண்ணும் வராது, கைல வெச்சுக்கிட்டுப் பாத்துட்டே இருப்போம், அப்புறம் கத்தும். அப்புறம் அது கம்யூனிகேட்டரே இல்லங்க. இந்த சாமானோட உயிர் எங்க இருக்குன்னா மணிக்கட்டை உதறறதும் மூடி நிக்கறதும் சத்தம் கெளம்பறதும் ஒண்ணா நடக்கற அந்த ஒரு இடத்துல இருக்கு. குருவியோட சித்தப்பா கண்ணாடிக் கூட்டைத் திறந்து வாயால சத்தம் போடறார்னு எழுதியிருந்தாரே, அவர் ரெண்டு செகண்ட் கழிச்சா போடறாரு? பெயிண்ட் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கலாம், ஸ்க்ரூ வேற மாதிரி இருக்கலாம், இதுல மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.

எப்படிப் பண்ணலாம்னா, அந்தக் குருவி சத்தத்தை டிஎஃப்பிளேயர்ல வெக்காதீங்க, ஆர்டுயினோ சிப்புக்குள்ளயே வெச்சிருங்க. சத்தம் ஒண்ணரை செகண்டுன்னு வெச்சாலும் 8 கிலோஹெர்ட்ஸ், 8 பிட்டுல மாத்தினா 12,000 பைட்டுதான், சிப்புல 32 கேபி இருக்கு, தாராளமா அடங்கும். பிடபிள்யூஎம்ல (ஒரு பின்னை வேகமா ஆன் ஆஃப் பண்ணி சத்தமா மாத்தற முறை) வெளிய எடுத்து ஒரு 1 கே ரெசிஸ்டர், 473ன்னு போட்ட கப்பாசிட்டர், அதுக்கப்புறம் பிஏஎம்8302 ஆம்ப்ளிஃபயர். அதுல ஷட்டவுன் பின்னு தனியா இருக்கு, தூங்கும்போது அணைச்சிரலாம். சிப்பு தூங்கிட்டு இருக்கும், மூடி திறந்ததும் இன்டரப்ட்ல முழிக்கும், சில மில்லி செகண்டுல சத்தம் கெளம்பிரும், காதுக்கு உடனேதான்.

அப்புறம் அந்த 100 ஆர்பிஎம் மோட்டார். அது வேண்டாம். இந்தக் கம்யூனிகேட்டரை முதல்ல செஞ்சவரு வா மிங் சாங்னு ஒரு சிற்பி, அதே சீரியல்ல வர்ற ட்ரைகார்டர்ங்கற கருவியும் அவர் கைவேலைதான். கிட்டக்க காட்டறதுக்குன்னு செஞ்ச பீஸ்ல அந்த வட்டத்தைச் சுத்தினது ஒரு ஸ்டாப்வாட்ச் மெஷின். மோட்டாரும் இல்ல பேட்டரியும் இல்ல, சாவி கொடுத்த ஸ்டாப்வாட்ச். ஸ்டாப்வாட்ச் முள்ளு எவ்ளோ மெதுவாப் போகும், ஆனா திரைல அந்த டிசைன் கொதிக்கற மாதிரி ஓடும், காரணம் அது ஒரு தட்டு இல்ல, ரெண்டு தட்டு. மேல ஒண்ணு அசையாம இருக்கு, கீழ ஒண்ணு சுத்துது, ரெண்டு கோட்டு டிசைனும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து மூணாவதா ஒரு டிசைன் பொறக்குது. மடிச்ச கொசுவலை ரெண்டு மடிப்பு ஒண்ணு மேல ஒண்ணு நகரும்போது அலை அலையா ஓடுமே, அதேதான், மொய்ரேன்னு சொல்லுவாங்க.

நீங்களே பிரிண்ட் பண்றதா இருந்தா சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரி நடுவுல இருந்து விரியற கோடா போடுங்க. அசையாத தட்டுல 56 கோடு, சுத்தற தட்டுல 60 கோடு. வித்தியாசம் 4, 60ஐ 4ஆல வகுத்தா 15, அதாவது கீழ் தட்டு ஒரு சுத்து சுத்தினா கண்ணுக்குத் தெரியற டிசைன் 15 சுத்து சுத்தும். நிமிஷத்துக்கு ரெண்டு சுத்து சுத்தற மோட்டார் போதும், டிசைன் 30 சுத்து போகும். மோட்டார் மெதுவா ஓடினா கர்ர்னு கியர் சத்தமும் வராது. ஓவர்ஹெட் புரொஜக்டர் ஷீட்டுல லேசர் பிரிண்ட் எடுங்க, இங்க்ஜெட் எடுத்தா கோட்டு ஓரம் கசியும்.

மூடியில என்ன மேக்னட் ஒட்டியிருக்கீங்க?


குருவி_கோவை:

ஃபிரிட்ஜ்ல ஒட்டற மேக்னட்டுல இருந்து உடைச்சு எடுத்தது, கட்டை விரல் நகம் அளவு இருக்கும். நீங்க கேட்டதும்தான் தோணுது, அதை ஒட்டினதுக்கு அப்புறம் மணிக்கட்டை ஆட்டினா மூடி முழுசா திறக்கறதில்ல, பாதியில நின்னு விழுதுங்க, கையால தூக்கி விடறேன்.

நீங்க சிப்புக்குள்ள சத்தத்தை வெக்கச் சொன்னது ரொம்பப் புடிச்சிருக்கு, ஆனா ஒரு சிக்கல். நான் இங்க யார்கிட்டயும் சொல்லாத ஒண்ணு இருக்கு. கீழ இருக்கற பட்டனை அமுக்கினா எங்க சித்தி குரல்ல பேசற மாதிரி ரெக்கார்ட் பண்ணி வெச்சிருக்கேன், சித்தப்பா எப்பவும் மாடில ரேடியோ நோண்டிட்டு இருப்பாரு, சித்தி கீழ இருந்து கூப்பிடும், அதே மாதிரியே, எட்டு செகண்ட். அது சிப்புக்குள்ள அடங்காதுல்லீங்க?


சுழலும்வட்டம்:

8 செகண்ட் 64,000 பைட், அடங்காது. ஆனா அதை விட்டுராதீங்க தயவுசெஞ்சு!!! நானும் டப்பா_மன்னனும் சொன்னது ரெண்டையும் சேத்துப் பண்ணுங்க. குருவி சத்தம் சிப்புல இருந்து உடனே வரட்டும். அதே நொடி ஆர்டுயினோ ஒரு பின்னை வெச்சு அவர் சொன்ன மாஸ்ஃபெட்டை ஆன் பண்ணி டிஎஃப்பிளேயரை எழுப்பட்டும், குருவி கத்தி முடிக்கறதுக்கும் அவர் பட்டனைத் தேடறதுக்கும் நடுவுல அது தயாராயிரும். மூடினா டிஎஃப்பிளேயர் முழுசா ஆஃப். கேட்ல இருந்து பேட்டரி பிளஸ்ஸுக்கு 100 கே, பின்னை லோ பண்ணினா ஆன். ஆர்டுயினோவுக்கும் ரெகுலேட்டர் வழியா இல்லாம விசிசில நேரா பேட்டரி கொடுங்க, சிப்பு 5.5 வோல்ட் வரைக்கும் தாங்கும், ரெகுலேட்டரையும் பவர் எல்இடியையும் எடுத்துருங்க.

மேக்னட்டுக்கு 3 எம்எம் வட்டம் 2 எம்எம் கனத்துல நியோடிமியம் ஒண்ணு போதும். மூடி அதோட வேகத்துலயே போயி நிக்கணும், ஒரு கிராம் கூடினாலும் கைக்குத் தெரியும்.


டிவிபெட்டி_1988:

டிஎஃப்பிளேயருக்குள்ளயும் ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கு, பிஏஎம்மோட சேத்து ரெண்டு ஆயிருச்சு, அதனால ஒண்ணு சொல்லிடறேன். டிஎஃப்பிளேயரோட ஸ்பீக்கர் அவுட்டையும் அந்த பிஏஎம் அவுட்டையும் ஒரே ஸ்பீக்கர்ல சேத்து வெச்சிராதீங்க, ஒண்ணு இன்னொண்ணோட அவுட்புட்டைத் தின்னுரும். டிஎஃப்பிளேயர்ல டிஏசின்னு லைன் அவுட் காலு இருக்கு, அதை எடுத்து ஒரு 10 கே வழியா, பிடபிள்யூஎம்மை இன்னொரு 10 கே வழியா, ரெண்டையும் சேத்து பிஏஎம் இன்புட்டுக்குக் கொடுங்க. ஸ்பீக்கர் ரெண்டு காலும் பிஏஎம்முக்கு மட்டும்தான், ஒரு காலைக்கூட கிரவுண்டுல தொட விடாதீங்க.


ஈயக்கம்பி:

நானும் ஒண்ணு. மூடி மூடியிருக்கும்போது ரீட் ஒட்டித்தான் இருக்கும், அப்போ ஆர்டுயினோவோட உள் புல்லப் (பின்னை ஹைல இழுத்து வெக்கற ரெசிஸ்டர்) வழியா 100 மைக்ரோ ஆம்ப் கிட்ட சும்மா ஒழுகும். உள் புல்லப்பை எடுத்துட்டு வெளிய 1 மெகா ஓம் போடுங்க, 4 மைக்ரோ ஆம்ப்தான். அப்புறம் டிஎஃப்பிளேயருக்கு ஃபைல் வெக்கும்போது எம்பி3ன்னு ஃபோல்டர் போட்டு 0001னு பேர் வெச்சுக் கூப்பிடுங்க, இல்லைன்னா காப்பி பண்ணின வரிசைல எடுக்கும், சித்திக்குப் பதிலா வேற எதோ வரும்.


குருவி_கோவை:

பதினோரு நாள் கழிச்சு வர்றேன். எல்லாரும் மன்னிக்கணும், பார்ட்ஸ் வர லேட்டு.

முதல்ல சொல்லிடறேன், ஓடுதுங்க!!! இன்னிக்கு மட்டும் நூறு தடவை திறந்திருப்பேன். திறக்கற சத்தமும் குருவி சத்தமும் ஒண்ணா வருது, வீட்ல பக்கத்து ரூம்ல இருந்து கேட்டாக்கூட ஒரே சத்தமாத்தான் கேக்குது.

பண்ணினது எல்லாம் எழுதறேன், நாளைக்கு யாருக்காச்சும் உதவும். கிரவுண்டு ஒயரை அண்ணன் சொன்ன மாதிரி தனியா இழுத்தேன், அது ஒண்ணுக்கே பாதி பிரச்னை போயிருச்சு, 104 கப்பாசிட்டரை மோட்டார் காலுலயே வெச்சதும் ஸ்பீக்கர்ல இருந்த அந்த ஈ பறக்கற மாதிரி இரைச்சலும் போச்சு. ரீட் சுவிட்ச் பழசைக் கழட்டி வெளிச்சத்துல பாத்தேன், அக்கா சொன்ன அதே கீறல், கால் பக்கத்துல பாதி வட்டமா. புதுசு போட்டேன், பிளேயரால புடிச்சு மடக்கினேன், மடக்கும்போது மூச்சைக்கூட விடலை.

ஒரு இடத்துல மட்டும் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டேன். மூடி வெச்சு கரண்ட் அளந்தா 2 மில்லி ஆம்ப் கிட்ட காட்டுது, எல்லாம் தூங்குது, மாஸ்ஃபெட் ஆஃப், ஆனாலும் 2 மில்லி ஆம்ப். டிஎஃப்பிளேயர்ல எல்இடி மங்கலா, கண்ணை வெச்சு உத்துப் பாத்தாத்தான் தெரியற மாதிரி எரிஞ்சுட்டு இருந்துச்சு. சப்ளையே இல்லாம எப்படி எரியும்னு மண்டை காஞ்சு போயி ஒவ்வொரு ஒயரா கழட்டிட்டே வந்தேன், ஆர்டுயினோவுல இருந்து டிஎஃப்பிளேயருக்குப் போற சீரியல் ஒயரைக் கழட்டினதும் அணைஞ்சுது. அந்த ஒயர் எப்பவும் ஹைல நிக்குமாம், அது வழியாவே உள்ள ஏறிட்டு இருந்திருக்கு. தூங்கப் போறதுக்கு முன்னாடி அந்தப் பின்னை லோ பண்ணு, அப்புறம் தூங்குன்னு ப்ரோக்ராம்ல ரெண்டு வரி சேத்தேன், இப்ப மீட்டர்ல 20 மைக்ரோ ஆம்ப்தாங்க காட்டுது.

மூடியில 3 எம்எம் மேக்னட்டுக்குக் குட்டியா குழி பறிச்சு உள்ள இறக்கிட்டேன், மணிக்கட்டை லேசா உதறினாலே மூடி டக்குனு போயி நிக்குது, முன்னாடி கையால தூக்கி விட்டுட்டு இருந்ததை நெனச்சா, இதைப் போயி சித்தப்பா கைல கொடுக்க இருந்தோமேன்னு இருக்கு.

வட்டம் ஒண்ணுதான் பாக்கி. தட்டு ரெண்டும் பிரிண்ட் எடுத்து வெச்சுட்டேன், ரொம்ப அழகா ஓடுது, ஆனா மோட்டார் ஒரு பக்கம் சுத்தினா டிசைன் எதிர்ப்பக்கம் சுத்துதுங்க. மோட்டார் ஒயரை மாத்திப் போட்டா ரெண்டுமே மாறுது, இன்னும் எதிரெதிராத்தான்.


சுழலும்வட்டம்:

தட்டை மேல கீழ மாத்தி வெச்சுட்டீங்க. சுத்தற தட்டுல கோடு அதிகமா இருந்தா டிசைன் அது கூடவே அதே பக்கம் போகும், கம்மியா இருந்தா எதிர்ப்பக்கம் போகும். 60 கோடு இருக்கறதை மோட்டார்ல ஒட்டுங்க, 56ஐ மேல வெச்சு அசையாம ஒட்டுங்க. ரெண்டுக்கும் நடுவுல இடைவெளி கம்மியா இருக்கணும், ஒரு மில்லிமீட்டருக்குள்ள, இல்லைன்னா சாய்ச்சுப் பாக்கும்போது டிசைன் பிசகும்.

அந்த 20 மைக்ரோ ஆம்ப் அருமை. சீரியல் ஒயர் வழியா கரண்ட் ஏறினதை நீங்களே ஒவ்வொரு ஒயரா கழட்டிக் கண்டுபிடிச்சீங்களே, அதைப் படிச்சு அவ்ளோ சந்தோஷம்.


குருவி_கோவை:

மாத்திட்டேன், இப்ப கூடவே சுத்துது. ஞாயித்துக்கிழமை கொடுக்கறேன்.


டிவிபெட்டி_1988:

தம்பி, டப்பாவை ஒட்டி மூடறதுக்கு முன்னாடி சித்தப்பாகிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு, அட்டைல எழுதியே உள்ள வெச்சிருங்க. சார்ஜ் போடும்போது மூடியை மூடித்தான் வெக்கணும். திறந்து வெச்சா மோட்டாரும் டிஎஃப்பிளேயரும் இழுத்துட்டே இருக்கும், பேட்டரி நெறஞ்சுதா இல்லையான்னு அந்த போர்டுக்குத் தெரியாது, சார்ஜ் ஏத்திட்டே இருக்கும்.